அசிட்டிலீன் ரெகுலேட்டரில் சிவப்புக் கோடு எதற்கு?

இந்த மாதமும் ஒரு பட்டறையில் அதே காட்சி. தகடு வெட்டும் டிஏ (சிலிண்டரில் கரைத்து அடைத்த அசிட்டிலீன்) ரெகுலேட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோ அழுத்தத்தில் நிற்கிறது. கேட்டால், "தகடு தடிமன் சார், பிரஷர் ஏத்தினாத்தான் வெட்டும்" என்கிறார்கள். கோடு 1 கிலோவில் இருக்கிறதே என்றால், "ஆக்சிஜன் கலக்காம எப்படி சார் வெடிக்கும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஆய்வுக்குப் போகும் இடமெல்லாம் இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வெடிக்கும். அசிட்டிலீன் எரியத்தான் ஆக்சிஜன் வேண்டும், வெடிக்க அது தேவையில்லை. மீத்தேனையோ புரொப்பேனையோ கரியும் ஹைட்ரஜனுமாகப் பிரிக்க நாம் வெப்பம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சிதைவும் நின்றுவிடும். அசிட்டிலீன் நேரெதிர். சிதையும்போது ஒரு மோலுக்குச் சுமார் 227 கிலோஜூல் வெப்பத்தை அதுவே கக்குகிறது. அழுத்தம் குறைவாக இருந்தால், ஓரிடத்தில் தொடங்கும் சிதைவு ஹோஸின் சுவரிடம் வெப்பத்தை இழந்து அங்கேயே அடங்கிவிடும். அழுத்தம் ஏறினால் அதே இடத்துக்குள் மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கும், வெளிவரும் வெப்பமும் கூடும். சுவர் அதை உறிஞ்சுவதற்குள் பக்கத்து வாயுவும் சிதையத் தொடங்கிவிடும். மூடிய கலத்தில் அழுத்தம் பத்து மடங்குக்கு எகிறும். நீளமான குழாயில் இன்னும் மோசம். எல்பிஜியில் பழகிய கைகள்தான் இதை நம்ப மறுக்கின்றன.

"அப்போ சிலிண்டருக்குள்ள 15 கிலோ இருக்கே?" என்பார்கள். நியாயமான கேள்வி. சிலிண்டர் உள்ளே காலியாக இல்லை. நுண்துளைப் பொருள் நிறைந்திருக்கிறது, அதில் ஊறிய அசிட்டோனில் வாயு கரைந்திருக்கிறது. சாதாரணமாக அங்கே சிதைவு பரவ இடமில்லை. அப்படியொரு பொருளை உருவாக்கிய ஸ்வீடன் பொறியாளர் குஸ்டாவ் டாலேனே 1912இல் அசிட்டிலீன் சோதனை வெடிப்பில் பார்வையை இழந்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

சரி, தடித்த தகட்டுக்கு என்ன செய்வது? நாசிலை மாற்றுங்கள், ஆக்சிஜன் அழுத்தத்தைக் கூட்டுங்கள். டிஏ 1 கிலோவைத் தாண்டவே கூடாது. சிலிண்டரைப் படுக்கவைத்து வேலை செய்யாதீர்கள், அசிட்டோனும் சேர்ந்து வெளியே வரும். ஹோஸை இணைக்க ஃபிரிட்ஜ் செம்புக் குழாயை வெட்டிச் சொருகும் புத்திசாலிகளே, செம்பும் அசிட்டிலீனும் சேர்ந்து உண்டாகும் செம்பு அசிட்டிலைடு தட்டினாலே வெடிக்கும். தீ பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர், டிஏ, ஆக்சிஜன் இரண்டு ஹோஸுக்கும் வேண்டும். அதன் விலையைப் பற்றி என்னிடம் பேரம் பேசாதீர்கள்.

தீயில் சூடான டிஏ சிலிண்டரை மட்டும் தயவுசெய்து யாரும் தொடாதீர்கள். வெளியே தீ அணைந்தாலும் உள்ளே சிதைவு மணிக்கணக்கில் தொடரலாம். அதை உருட்டிக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டாம். எல்லோரும் வெளியேறுங்கள், 101ஐ அழையுங்கள். சிலிண்டர் டிஏ என்பதை வருகிற தீயணைப்பு வீரர்களிடம் முதலில் சொல்லுங்கள்.