ஏலாது என்று எழுதித் தரமாட்டேன்

இந்த மாதம் இது மூன்றாவது. முதலில் நீச்சல் பழகக் கேட்ட பிள்ளை, அடுத்தது ஸ்கூட்டி ஓடப் பழகப் போன தங்கை, இப்போது பரசூட். மூன்று வீட்டாரும் என் மேசைக்கு முன்னால் இருந்து கேட்டது ஒன்றைத்தான்: "காது கேளாது, ஏலாது எண்டு எழுதித் தாங்கோ டொக்டர்." (நான் டொக்டர் இல்லை, கேட்டல் சோதனை செய்கிற ஆள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.)

மூன்றாவது தம்பிக்குப் பிறவியிலேயே கேளாது. கனடாவில் இருக்கும் அண்ணனிடம் போகிறார், அங்கே விமானத்திலிருந்து தனியாகக் குதிக்கப் பழகப் போகிறாராம். அம்மாவுக்கு நித்திரை இல்லை. அது நியாயம். ஆனால் பயத்துக்குக் காதைச் சாட்டக் கூடாது.

ஏறத்தாழ 4,000 மீற்றரில், அதாவது பிதுருதலாகலையைப் போல ஒன்றரை மடங்கு உயரத்தில் குதித்தால், காற்று மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் காதை அறையும். அங்கே நல்ல காது உள்ளவனுக்கும் ஒன்றும் கேட்காது. பழகும் நாட்களில் பக்கத்தில் பிடித்தபடி விழும் இன்ஸ்ரக்டர் விரலால்தான் கதைப்பார். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு, ஆள்காட்டி விரலை நீட்டினால் பரசூட்டை இழு. கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்த பிள்ளைக்குக் கையால் கதைப்பது புதிசில்லை. கேட்கிற பிள்ளைதான் முதல்நாள் தடுமாறும்.

பரசூட் விரிந்த பிறகுதான் வித்தியாசம். மற்ற மாணவருக்கு ஹெல்மட்டில் றேடியோ இருக்கும், கீழே நிற்பவர் "இடப்பக்கம் திரும்பு" என்று சொல்வார். இவருக்குத் தரையில் பெரிய அம்புக்குறி, கொடி, கையை உயர்த்தி இறக்கிக் காட்டும் ஆள். உயரம் பார்க்க மணிக்கட்டில் மீற்றர். றேடியோ கேட்கிறவனுக்கும் இடையில் நின்றுபோகலாம். அதனால் றேடியோ இல்லாமல் இறங்க எல்லாரும் பழகத்தான் வேண்டும்.

சரி, இது அம்மாவின் கதை. கூட வந்த மாமா வேறு: "கேளாத காதுதானே தங்கச்சி, இனிப் பழுதாக என்ன கிடக்கு?"

எனக்கு இதுதான் கூடுதல் எரிச்சல். கேட்பது காதின் ஒரு வேலை மட்டும். செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சின்ன அறை இருக்கிறது. அதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நிலத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். பலாலியில் விமானம் இறங்கும்போது காது அடைக்கிறதே, அதைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் இங்கே அழுத்தம் ஏறும். குழாய் திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபடும், கிழியவும் கூடும். தலைச்சுற்று வந்தால் பரசூட்டை யார் ஓட்டுவது? இதில் செவிடு, செவிடில்லாதவர் என்ற பேதமே இல்லை. அன்றைக்கு அந்தத் தம்பி என் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தார். செவிப்பறை அழுத்தம் பார்த்தேன், வரைபு தட்டையாய்க் கிடந்தது, செவிப்பறை சரியாக அசையவில்லை என்று அர்த்தம். வீட்டில் ஒருவரும் தடிமனைப் பற்றி வாயே திறக்கவில்லை!

ஆகவே கேளுங்கோ. தடிமன் இருந்தால் குதிக்க வேண்டாம். மூக்குக்குத் துளிமருந்து விட்டுக்கொண்டு ஏறுகிற கெட்டித்தனமும் வேண்டாம், மருந்தின் வேகம் நடுவானில் இறங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. காது மெசினைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுங்கள். கொக்லியர் இம்பிளான்ட் (சத்திரசிகிச்சையால் உட்காதில் வைக்கும் கேட்கும் கருவி) போட்டவர்கள் சத்திரசிகிச்சை செய்த டொக்டரைக் கேட்காமல் பணம் கட்டவே வேண்டாம். மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறன் போனவர்களுக்குச் சமநிலையும் போயிருக்கலாம், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். உட்காதில் வேறொரு குழாய் பிறவியிலேயே அகன்றிருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தலையில் ஒரு அடியோ திடீர் அழுத்தமோ மிச்சம் இருக்கும் கேட்கும் திறனையும் கொண்டுபோய்விடலாம். ஸ்கான் எடுத்த பழைய றிப்போட் அலுமாரியில் கிடந்தால் தயவுசெய்து கொண்டு வாருங்கள்.

பழக்குபவர்களுக்கும் ஒன்று: "விளங்கிச்சுதோ?" என்று கேட்டுத் தலையாட்டலை நம்பாதீர்கள். கேளாத பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே ஆட்களைச் சமாளிக்கத் தலையாட்டிப் பழகியவர்கள். பரசூட் சிக்கினால் என்ன செய்வாய் என்று கேட்டு, செய்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்று கிழமை கழித்துத் தம்பி திரும்பி வந்தார். வரைபு மலைபோல நிமிர்ந்து நின்றது. றிப்போட்டை எழுதி, காது மூக்கு தொண்டை டொக்டரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அம்மா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஏலாது எண்டு எழுதேல்லையோ?"