விண்டோஸ் 11க்கு மாற போமட் தேவையில்லை

விண்டோஸ் 10க்கு வழமையாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதன் பிறகு கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர் என்று எங்கிருந்து என்னிடம் மெஷின் வந்தாலும் ஒரே வேண்டுகோள்தான்: “தம்பி, பதினொன்று போட்டுத் தாங்க.” உங்கள் கணினி நின்றுவிடாது, முன்போலவே ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். அந்தக் கணினியில் வங்கிக் கணக்குப் பார்ப்பவர்கள் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

விண்டோஸ் மாற்றுவதென்றாலே போமட் பண்ணுவது, அதாவது டிரைவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது, எங்கள் பக்கத்தில் எக்ஸ்பி காலத்திலிருந்து ஊறிய பழக்கம். முறையான விண்டோஸ் 10 உள்ள, தகுதியான கணினி என்றால் செட்டிங்ஸ் வழியாகவே இலவசமாக 11க்கு மாறலாம். கோப்புகளும் மென்பொருள்களும் இருந்தபடியே இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பவும் வழி உண்டு. பிறகு ஏன் கடைகளில் போமட்? கெதியாக முடியும், அவ்வளவுதான். அப்கிரேட் என்றால் சில மணித்தியாலம் இழுக்கும், பல ஜிகாபைட் டேட்டாவும் போகும். இரவு டேட்டா உள்ளவர்கள் இரவில் இறக்கிக்கொள்ளலாம். மாரி மழையில் மட்டும், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் இதைத் தொடங்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் வீண் தலையிடி.

போமட் பண்ணியே ஆகவேண்டும் என்றால் “டி டிரைவைத் தொடமாட்டோம்” என்ற உறுதிமொழியை நம்பி இருக்காதீர்கள். டெஸ்க்டொப்பிலும் டொக்யுமென்ட்ஸிலும் போட்டு வைத்தவை பெரும்பாலும் சி டிரைவில்தான் கிடக்கும். முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்துவிடுங்கள்.

ஆசிரியர்கள் இன்னொன்றையும் எடுக்க வேண்டும்: பாமினி எழுத்துரு. போமட் ஆன கணினியில் பழைய வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். களுவாஞ்சிக்குடி ரீச்சர் ஒருவர் “எல்லாப் பேப்பரையும் வைரஸ் தின்றிட்டுதோ தம்பி?” என்று பதறிப்போனார். வைரஸ் எதுவும் இல்லை. பாமினி யுனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. எழுத்துரு போனால் அடியில் உள்ள ஆங்கிலம் வெளியே தெரிகிறது. திரும்பப் போட்டால் சரி.

இனித் தகுதி. புரொசசர் இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். மைக்ரோசொஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை ஓட்டினால் அதுவே சொல்லிவிடும். “டிபிஎம் இல்லை” என்று காட்டினால் உடனே மனம் தளராதீர்கள்; பல கணினிகளில் அது பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். செகன்ட் ஹாண்டாக வரும் நான்காம் தலைமுறை ஐ5 மெஷின்களுக்குத்தான் வழியில்லை. ரூஃபஸ் போன்ற கருவியால் தடையைத் தாண்டிப் போடலாம், கடைகளில் போட்டும் கொடுக்கிறார்கள். அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தராது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்! அந்த மெஷின்களில் உள்ள விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசில்லாமலே கிடைக்கும். அதற்குப் பிறகு, பிரவுசரும் சூமும் போதும் என்பவர்களுக்கு நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பேன். கிராக் போட்ட விண்டோஸ் 11 வேண்டவே வேண்டாம். அந்தக் கிராக் கேட்கும் முதல் விஷயமே விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரை நிறுத்து என்பதுதான்.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிரைவ் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேரும். அவசரத்துக்குக் கடைப் பையன் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டிருந்தால் சாவி அவனிடம். ஒரு வருடம் கழித்து பயோஸ் மாறி, 48 இலக்கச் சாவியைக் கணினி கேட்கும்போது அவன் கட்டாரில் இருப்பான். கடையை விட்டு வெளிக்கிடும் முன் எந்த மின்னஞ்சல் என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் அங்கேயே மாற்றச் சொல்லி, மீட்புச் சாவியைப் பிரிண்ட் எடுத்துக் காணி உறுதிகளோடு வையுங்கள்.