பழமரக் கன்று மானியம்: இரண்டாம் தவணை ஏன் நின்றுபோகிறது

மா, கொய்யா, சப்போட்டா நடத் தோட்டக்கலைத் துறை தரும் மானியம் மொத்தமாகக் கைக்கு வராது. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014 நெறிமுறை அதை 60:20:20 என மூன்று தவணையாகப் பிரித்தது. இரண்டாம் ஆண்டில் 75 சதவீதக் கன்றுகளும் மூன்றாம் ஆண்டில் 90 சதவீதமும் உயிரோடு நிற்க வேண்டும் என்றது. முதல் தவணை பெரும்பாலும் பணமாக அல்ல, கன்றாகவே வந்துவிடும். உங்கள் அனுமதி ஆணையில் எந்தப் பிரிப்பு இருக்கிறதோ அதுதான் செல்லும். அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

2014 கணக்கில், 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மா நட்டதாக வையுங்கள். 10 கன்று பட்டுப்போனால் தப்பலாம். 11-வது பட்டால் தவணை போயிற்று. மூன்றாம் ஆண்டிலோ 4-க்கு மேல் போகக் கூடாது. பட்ட இடத்தில் அடுத்த மழைக்கே மாற்றுக் கன்று நட்டுவிடுங்கள், ஆய்வுக்கு வரும் வாரத்தில் அல்ல.

பட்டாவில்தான் பலர் மாட்டுகிறார்கள். இறந்த அப்பா பெயரிலேயே பட்டா கிடந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். வாரிசுப் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு (5 ஏக்கர் வரை) 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று இல்லையேல் நீங்களும் 'மற்றவர்'தான். வங்கிக் கணக்கில் ஆதார் எண் பதிவானது மட்டும் போதாது. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்குதான் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்.

“இந்த வருட இலக்கு முடிந்தது” என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். இணையத்தில் பதிந்து, பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுங்கள். அனுமதிக்கு முன்னே சொந்தமாக நட்டுவிட்டு மானியம் கேட்டால் கிடைக்காது.

அலுவலகத்துக்கு மார்ச்சில் கணக்கு முடிய வேண்டும். கன்றுக்கு வேண்டியது ஈரம். வெயில் ஏறியபின் வரும் கன்றை அப்படியே குழியில் வைப்பது தவணையைக் குழியில் வைப்பதுதான். நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, பருவ மழையில் நடப்போவதாக எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள்.

வாங்கும்போதே இரண்டு மூன்று பைகளைப் பிரித்துப் பாருங்கள். அடியில் வேர் வட்டமாகச் சுருண்டு கிடந்தால், ஒட்டுப் பகுதி காய்ந்திருந்தால், ரசீதில் கையெழுத்து போடாமல் மாற்றிக் கேளுங்கள். சுருண்ட வேர் மண்ணுக்குள்ளும் சுருண்டே வளரும். இரண்டாம் வருடம் மரம் காற்றில் ஆடும், வெயிலில் வாடும். லேசாகச் சுருண்டிருந்தால் அடி வேரை நறுக்கிவிட்டு நடலாம்.

மாவுக்கு ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி இரண்டு வாரம் ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள்; பச்சைச் சாணம் சூடேறி வேரை வேகவைக்கும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். தண்டைச் சுற்றி மண்ணைச் சற்று மேடாக அணைத்து, பாத்தியைத் தள்ளி எடுங்கள். தண்டடியில் தண்ணீர் தேங்கினால் வேரழுகல்தான். களிமண் நிலத்தில் வடிகால் வாய்க்கால் வெட்டாமல் நடவே வேண்டாம்.

ஆய்வாளர் வரும் நாளில் நீங்களும் வயலில் நில்லுங்கள், உயிரோடுள்ள கன்றை அவரோடு சேர்ந்து எண்ணுங்கள். எண்ணிக்கை எழுதாத படிவத்தில் கையெழுத்து போடாதீர்கள்.