மோட்டாருக்குள் ஏது தூரிகை? 'பிரஷ்லெஸ்' – சொல் விளக்கம்

ரிமோட்டில் ஓட்டும் ஆர்.சி. கார் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படும் சொல் பிரஷ்லெஸ். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். பிரஷ் இல்லாத மோட்டார் என்பது நேர்ப்பொருள். அப்படியானால் மற்ற மோட்டார்களில் பிரஷ் எதற்கு? எதைத் தேய்க்க?

பழைய வகை மோட்டாரில் கம்பிச்சுருள் சுழலும், காந்தம் அசையாமல் நிற்கும். சுழல்கிற சுருளுக்கு மின்சாரம் தர வேண்டும். அதோடு, சுருள் சுழலச் சுழல மின்னோட்டத்தின் திசையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரிடத்தில் போய் நின்றுவிடும். அதற்காகத் தண்டில் செம்புத் துண்டுகளாலான ஒரு வளையம் இருக்கும். இதுதான் கம்யூட்டேட்டர், தமிழில் திசைமாற்றி. அதன்மேல் இரு பக்கமும் உரசி நின்று மின்சாரத்தைக் கடத்துவதுதான் பிரஷ்.

அதை ஆகுபெயர் என்று நினைத்துவிட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு டைனமோக்களில் செம்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி வளையத்தின்மேல் உரசவிட்டார்கள். பார்க்க அசல் பிரஷ்தான். ஆனால் பொறி பறந்தது, வளையமும் சீக்கிரம் தேய்ந்தது. 1885-இல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் கம்பிக் கற்றைக்குப் பதில் கரியைப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் சார்ல்ஸ் வான் டெபோல் டிராம் வண்டி மோட்டார்களில் கரிக்கட்டையை வைத்தார். உருவம் கட்டையாக மாறியும் பெயர் மட்டும் பிரஷ்ஷாகவே நின்றுவிட்டது. (அதே காலத்தில் டைனமோ செய்து புகழ்பெற்ற சார்ல்ஸ் பிரஷ் என்று ஓர் அமெரிக்கர் உண்டு. இந்தப் பெயருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.)

நம் பாடநூல்கள் இதைத் தூரிகை என்றே மொழிபெயர்த்தன. தூரிகை ஓவியர் கையில் இருப்பது. சங்க காலத்தில் அதற்குத் துகிலிகை என்று பெயர்; செவ்வரக்கு தோய்த்த ஓவியரின் துகிலிகையைப் பாதிரிப் பூவுக்கு உவமையாக நற்றிணை சொல்கிறது. அவ்வளவு மென்மையான சொல்லைக் கொண்டுபோய் ஒரு கரிக்கட்டைக்கு வைத்தது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும். மிக்ஸி பழுது பார்க்கிறவரிடம் தூரிகை தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார். அவருக்கு அது கார்பன். 'கார்பன் தேஞ்சிருச்சு, மாத்தணும்' என்பதுதான் பட்டறைத் தமிழ். பொருளைப் பார்த்து வைத்த பெயர் என்பதால் மூலச்சொல்லைவிட இதுவே பொருத்தம்.

சரி, கார்பனை எடுத்துவிட்டால் திசை மாற்றும் வேலையை யார் செய்வது? அங்கேதான் பிரஷ்லெஸ்ஸின் சூட்சுமம். இதில் காந்தம் சுழலும், சுருள்கள் அசையாமல் நிற்கும். எனவே உரசிக் கடத்த எதுவும் வேண்டாம். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தருவது என்பதை ஈ.எஸ்.சி. என்னும் வேகக் கட்டுப்படுத்தி முடிவு செய்கிறது. அதனால்தான் பேட்டரியிலிருந்து அதற்குள் இரண்டு கம்பி போகும், மோட்டாருக்கு மூன்று கம்பி வரும். கார் பின்னோக்கி ஓடினால் அந்த மூன்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் போட்டால் போதும் (கடைசியில் சொல்லப்போகும் உணரி இல்லாத வகைக்கு மட்டும்தான் இது). திசைமாற்றியின் வேலையை டிரான்சிஸ்டர்களிடம் கொடுக்கும் இந்த வழியை வில்சன், டிரிக்கி என்ற இருவர் 1962-இல் ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். இன்று வீட்டுக் கூரையில் தொங்கும் பி.எல்.டி.சி. ஃபேனும் இதே இனம்தான். அதில் காந்தம் வெளியே சுற்றும், கார் மோட்டாரில் பெரும்பாலும் உள்ளே சுற்றும்.

தமிழில் எழுதும்போது சிக்கல் பிரஷ்லெஸ் என்ற சொல்லோடு முடிவதில்லை. அதன் கூடவே வரும் அளவுகள் இன்னும் மோசம். டிராக்சஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் காரை எடுத்துக்கொள்வோம். பிரஷ் வைத்த மாடலில் 12 டர்ன் மோட்டார், வி.எக்ஸ்.எல். என்னும் பிரஷ்லெஸ் மாடலில் 3500 கேவி மோட்டார். டர்ன் என்றால் சுருளில் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பது. சுற்று குறைந்தால் வேகம் கூடும். கேவி என்றால் சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை தடவை சுழலும் என்பது. 11.1 வோல்ட் பேட்டரியில் 3500 கேவி மோட்டார் கணக்குப்படி 38,850 தடவை சுழலும். இரண்டையும் தமிழில் 'சுற்று' என்று எழுதினால் குழப்பம்தான். டர்னுக்குச் சுற்று, வேகத்துக்குச் சுழற்சி என்று பிரித்துக்கொள்வது நல்லது. கேவியை அப்படியே விட்டால், '110 கே.வி. துணை மின்நிலையம்' என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர் கிலோவோல்ட் என்று நினைத்துவிடுவார். 'வோல்ட்டுக்கு 3500 சுழற்சி' என்று எழுதினால் தீர்ந்தது.

பிரஷ் மோட்டாரைக் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மோட்டாரின் பலத்துக்கென்று செய்த பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் புதிய மோட்டாரின் இழுப்பைத் தாங்காமல் பல் உதிரும். மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரத்துக்கு, அதாவது பினியனுக்கு, எஃகு நல்லது. அது கோக்கும் பெரிய சக்கரத்தோடு இடைவெளி சரியா என்று பார்க்க, இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் துண்டை வைத்து நெருக்கிப் பூட்டிவிட்டுத் தாளை உருவிவிடலாம். இழுப்பு மிஞ்சும்போது வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச்சை ரொம்ப இறுக்காதீர்கள். எதையாவது விட்டுக்கொடுக்க ஓர் இடம் இருந்தால்தான் மற்றவை பிழைக்கும். மோட்டார் கை வைக்க முடியாத அளவு சுட்டால் பினியனில் ஒரு பல்லோ இரண்டு பல்லோ குறைத்துப் பாருங்கள். அதீதச் சூட்டில் உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தம் பலம் இழக்கும், திரும்பி வராது. கார்பன் இல்லை என்பதால் பராமரிப்பே வேண்டாம் என்பதும் பாதி உண்மைதான். பேரிங் தேயும், அதற்குத் துளி எண்ணெய் வேண்டும்.

உறுத்தல் இருந்தாலும், எழுத்தில் தூரிகையில்லா மோட்டார் என்றே நான் எழுதுவேன். தூரிகையற்ற மின்னோடி என்றாலும் தவறில்லை, வாய்க்குக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். சென்சார்டு என்று வரும் வகைக்கு உணரி உள்ள மோட்டார் எனலாம். காந்தம் எங்கே நிற்கிறது என்பதை, காந்தப்புலத்தை உணரும் ஹால் உணரிகள் கட்டுப்படுத்திக்குச் சொல்லிக்கொண்டிருப்பதால் அது தடுமாறாமல் மெல்லக் கிளம்பும். உணரி இல்லாத வகை, சுழற்சியால் சுருளில் எழும் மின்னழுத்தத்தை வைத்தே காந்தத்தின் நிலையைக் கணிக்கிறது. நின்றிருக்கும்போது அந்த மின்னழுத்தமே இருக்காது. அதனால்தான் அந்த வண்டிகள் கிளம்பும்போது விக்கி விக்கிக் கிளம்பும்.