ரப்பர் கடைக் கணக்கும் ஃபிரேம்வொர்க்கும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் கடை. காலை வெட்டு முடிந்ததும் கேன் கேனாகப் பால் வரத் தொடங்கும். வலையில் வடிகட்டி எடை போடுவார்கள். அப்புறம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, சீட்டு எண் ஒட்டிய சின்னக் குப்பியில் ஊற்றி வைப்பார்கள். ரப்பர் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதற்குள் இருக்கும் உலர் ரப்பருக்குத்தான் காசு. அந்த விகிதத்துக்கு டி.ஆர்.சி. என்று பெயர். குப்பியில் இருக்கும் மாதிரியில் ஆசிட் விட்டு உறையவைத்து, அழுத்தி, காயவைத்து, மறுபடி எடை போட்டால்தான் அது தெரியும். அதற்குள் மறுநாள் ஆகிவிடும்.

ஒருவர் 42.5 கிலோ பால் கொண்டுவருகிறார், டி.ஆர்.சி. 35.2 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 14.96 கிலோ. கிலோ 190 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,842 ரூபாய் 40 காசு. முன்பணத்தில் 500 ரூபாய் பிடித்தால் கைக்கு 2,342 ரூபாய் 40 காசு. இதில் சிக்கலான இடம் ஒன்று உண்டு. டி.ஆர்.சி. தெரிவது மறுநாள். ஆனால் விலை, பால் கொண்டுவந்த நாளின் விலை. நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறவருக்கு இது பழக்கம். கம்ப்யூட்டருக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு கடைக்கு நான் மென்பொருள் எழுதினேன். எந்த ஃபிரேம்வொர்க்கும் இல்லாமல், எல்லாம் என் கையாலேயே. மூன்று மாதம் ஆனது. அதில் மேலே சொன்ன கணக்குக்குச் செலவானது ஒரு வாரம். மற்ற நாளெல்லாம் எங்கே போயின? யார் உள்ளே நுழையலாம் என்று பார்ப்பது, கடவுச்சொல்லைப் பாதுகாப்பது, திரையில் படிவம் வரைவது, தப்பாக எழுதியதைத் தடுப்பது, தரவுத்தளத்தில் போட்டு எடுப்பது. இவற்றுக்கும் ரப்பருக்கும் சம்பந்தமே இல்லை. தோவாளைப் பூக்கடைக்கும், குளச்சல் மீன் ஏலத்துக்கும், நாகர்கோவில் ஜவுளிக்கடைக்கும் இதே வேலைதான்.

இந்தப் பொது வேலையை ஒருமுறை நன்றாகச் செய்து, எல்லாருக்கும் தயாராக வைத்திருப்பதுதான் ஃபிரேம்வொர்க். தமிழில் சட்டகம் என்கிறோம். நூலகம் என்று சொல்லப்படும் லைப்ரரியும் தயாராக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்புதான். அதிலிருந்து ஃபிரேம்வொர்க் எப்படி வேறுபடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

லைப்ரரி கிணற்று பம்பு செட் மாதிரி. தேவைப்படும்போது நீங்கள் போட்டால் ஓடும். ஃபிரேம்வொர்க் பேச்சிப்பாறைத் தண்ணீர் மாதிரி. 1906-ல் கட்டி முடித்த அணை, அதிலிருந்து அனந்தனாறு, தோவாளை என்று சானல்கள், கிளைகள், மடைகள் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. முறை வரும்போது தண்ணீர் உங்கள் வயலுக்கு வரும். வந்த தண்ணீரை எந்தப் பாத்திக்குத் திருப்புவது என்பது மட்டும் உங்கள் வேலை. நிரலிலும் அப்படித்தான். உங்கள் நிரல் ஃபிரேம்வொர்க்கை ஓட்டுவதில்லை. ஃபிரேம்வொர்க் ஓடிக்கொண்டிருக்கிறது, சரியான நேரத்தில் உங்கள் நிரலைக் கூப்பிடுகிறது. கட்டுப்பாடு கைமாறிவிடுகிறது.

கடையில் இருப்பவர் திரையில் ‘சேமி’ என்று அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கொள்கிறேன். கோரிக்கை முதலில் சில வடிகட்டிகளைத் தாண்டுகிறது. இவர் உள்நுழைந்தவர்தானா, வேறு ஏதோ தளம் இவர் பெயரில் திருட்டுத்தனமாக அனுப்பியதா என்று அங்கேயே பார்த்துவிடுவார்கள். அதோடு ஜாங்கோ முகவரிப் பட்டியலைப் பார்த்து, ‘பால் வரவு’ என்றால் எந்த நிரலைக் கூப்பிட வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இப்போதுதான் நான் எழுதிய பகுதிக்கு முறை வருகிறது. எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா, டி.ஆர்.சி. நூறைத் தாண்டவில்லையா என்று படிவத்திடம் கேட்கிறேன், கணக்குப் போடுகிறேன், சேமிக்கச் சொல்கிறேன். சேமிக்கும் வேலையும் ஃபிரேம்வொர்க்குடையதே. முழுப் பாதையில் என் பங்கு நாற்பது ஐம்பது வரிதான்.

சேமிக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நான் கையால் எழுதிய பழைய மென்பொருளில், விவசாயியின் பெயரை அப்படியே எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்தோடு பேசும் மொழி) கட்டளை வரிக்குள் ஒட்டி தரவுத்தளத்துக்கு அனுப்பினேன். ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் டி’குரூஸ் என்று ஒருவர் பால் கொண்டுவந்தார். நம் கடற்கரையில் எவ்வளவு சாதாரணமான பெயர் அது! ஆனால் எஸ்.கியூ.எல். மொழியில் அந்த ஒற்றைக் குறிக்கு, ‘எழுத்துத் தொடர் இங்கே முடிகிறது’ என்று அர்த்தம். ‘டி’யோடு பெயர் முடிந்துவிட்டதாக நினைத்த தரவுத்தளம், மிச்சமிருந்த ‘குரூஸ்’ஸைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்து நின்றுவிட்டது. அவருடைய வரவு பதியவே இல்லை. கெட்ட எண்ணம் உள்ளவர் அதே ஓட்டை வழியாக முழு அட்டவணையையும் அழித்திருக்கலாம். எஸ்.கியூ.எல். இன்ஜெக்ஷன் என்னும் தாக்குதல் இதுதான். ஃபிரேம்வொர்க்கின் ஓ.ஆர்.எம். என்ற பகுதி கட்டளையைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் அனுப்புகிறது. அதனால் பெயருக்குள் என்ன குறி இருந்தாலும் அது வெறும் பெயர்தான். வழக்கமான முறையில் எழுதினாலே போதும், இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைத்துவிடும்.

இன்னொன்று மின்வெட்டு. மழைக்காலத்தில் மலையோரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பணம் கொடுத்ததாக எழுதி, முன்பணத்தைக் குறைப்பதற்குள் கணினி அணைந்தால் என்ன ஆகும்? எனக்கு அது நடந்தது. ஒருவருக்கு 500 ரூபாய் பிடித்தோம், ஆனால் கடன் குறையவில்லை. மாதக் கடைசியில் அவர் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. உழைத்துப் பால் கொண்டுவந்த மனிதர் கணக்கில் தப்பு வந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதற்கு மருந்து டிரான்சாக்ஷன். இரண்டு பதிவும் சேர்ந்து நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. தரவுத்தளங்களுக்கு இது தெரியும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் மறக்காமல் சொல்ல வேண்டும், மனிதன் மறப்பான். ஜாங்கோவில் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் ஒவ்வொரு கோரிக்கையையும் அது ஒரு டிரான்சாக்ஷனாகச் சுற்றிவிடும். ஜாவா மொழிக்கான ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் செயல்பாட்டின் தலையில் ஒரு குறிச்சொல் போட்டால் போதும்.

இவ்வளவு பொருத்தமாக எப்படி அமைந்தது என்று கேட்டால், இவை பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஜாங்கோ அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவானது. நாளைக்குள் ஒரு பக்கம் வேண்டும், மாலைக்குள் ஒரு பட்டியல் வேண்டும் என்று கேட்கும் இடம் அது. திரும்பத் திரும்ப எழுதியதைப் பிரித்தெடுத்து 2005-ல் வெளியிட்டார்கள். 2004-ல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ், பேஸ்கேம்ப் என்ற மென்பொருளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நம் நாட்டின் ஃபிராப்பே, இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற வணிக மென்பொருளின் அடித்தளம். மூன்றும் ஓடிக்கொண்டிருந்த வேலையிலிருந்து கழன்று வந்தவை. ஃபிரேம்வொர்க் தேர்ந்தெடுப்பவர் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஃபிராப்பே இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘பால் வரவு’ என்று ஒரு ஆவணம், அதில் எடை, டி.ஆர்.சி., தேதி, விவசாயி என்று புலங்கள், யார் திருத்தலாம் யார் பார்க்கலாம் என்ற அனுமதி. இவ்வளவையும் விவரித்தால் அட்டவணை, படிவம், பட்டியல் மூன்றையும் அதுவே உண்டாக்கிவிடும். முதல் நாளே கடைக்காரரிடம் திரையைக் காட்டலாம். அவர் பார்த்தவுடன், “ஒட்டுப்பாலுக்கு எடம் எங்க தம்பி?” என்று கேட்பார். வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்துபோகும் ரப்பர்தான் ஒட்டுப்பால். மூன்றாவது மாதம் வரவேண்டிய கேள்வி முதல் நாளே வந்துவிட்டது! வேகத்தில் பெரிய பங்கு இதுதான் என்று நான் நம்புகிறேன். விரல் வேகமாகத் தட்டுவதால் வருவதைவிட, தப்பான ஒன்றைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதால் மிச்சமாகும் நாட்கள் அதிகம்.

இதில் கஷ்டமும் உண்டு. ஓ.ஆர்.எம். வசதியாக இருப்பதாலேயே அது பின்னால் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. 300 விவசாயிகளின் பட்டியலைக் காட்டி, ஒவ்வொருவர் பாக்கியையும் பக்கத்தில் போடச் சொன்னேன். பார்க்க இரண்டு வரி நிரல். தரவுத்தளத்துக்குப் போனதோ 301 கேள்விகள்: பட்டியலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. பக்கம் திறக்கவே நேரமானது. எல்லாப் பாக்கியையும் ஒரே கேள்வியில் கேட்கும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிய, எஸ்.கியூ.எல். தெரிந்திருக்க வேண்டும். சானல் தண்ணீர் வயலுக்கு வருகிறது என்பதற்காக அது எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் இருந்தால், கடைவரம்பில் வறண்டுபோகும்போது எங்கே போய்ப் பார்ப்பது?

இப்போது அந்தக் குலசேகரம் கடைக்குப் புதிய மென்பொருள் எழுதியபோது மூன்று வாரம்தான் ஆனது. அதில் இரண்டு காலைகள் நான் கணினியைத் தொடவே இல்லை. குப்பிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கோட்டயம் சந்தையின் ரப்பர் விலையைப் பார்த்துத்தான் தன் விலையை வைக்கிறார்.

“ஞாயிற்றுக்கெழம வெல வராதே அண்ணாச்சி, அன்னைக்கு வந்த பாலுக்கு என்ன போடுவீங்க?”

“சனிக்கெழம வெலதான். ஆனா திங்கக்கெழம ஏறிச்சுன்னா திங்கக்கெழம வெலயையே போட்டுருவேன். அவங்க மழையில நனைஞ்சிட்டு வெட்டுனது.”

அதை அப்படியே நான்கு வரி நிரலாக எழுதினேன்.