ஒரு டிஸ்க்கில் மட்டும் இருந்தால் அது பேக்கப் இல்லை

போன செவ்வாய்க்கிழமை நான் கடை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு பெரியவர் வாசலில் காத்திருந்தார். கையில் மஞ்சப்பை. பைக்குள் ஈரிழைத் துண்டு, துண்டுக்குள் ஒரு 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். பச்சைப்பிள்ளையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டுவந்திருந்தார். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

“பேக்கப் எடுத்துத்தான் தம்பி வெச்சிருந்தேன். ரெண்டு நாளா டிக்கு டிக்குன்னு சத்தம் வருது. கம்ப்யூட்டர்ல காட்ட மாட்டேங்குது.”

“சரிங்க சார். ஒரிஜினல் எதுல இருக்கு?”

“ஒரிஜினலா? இதுல இருக்கறதுதான் தம்பி எல்லாம்.”

இந்த மழைக்காலத்தில் மட்டும் இந்தப் பதிலை ஏழாவது தடவையாகக் கேட்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த டிஸ்க்கில் 1,000 படத்துக்கு மேல் இருந்தது. மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கு விற்ற காலத்திலிருந்து சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வாங்கிச் சேர்த்தவை. பிறகு டிவிடிகள். தட்டுகளில் கீறல் விழ ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வருஷவாரியாக ஃபோல்டர் பிரித்து, படத்தின் பெயரைத் தமிழிலேயே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். கடைசியில் ‘வீடு’ என்று ஒரு ஃபோல்டர்: மகள் கல்யாண கேசட்டை மாற்றியது, ஊர்த் தேர், அவருடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்து பேசும் சில நிமிஷங்கள். கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்ததும் எக்ஸ்டர்னல் வாங்கி எல்லாவற்றையும் அதில் ‘பேக்கப்’ எடுத்திருக்கிறார். எப்படி? கட், பேஸ்ட்.

இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேக்கப் என்ற சொல் நம் ஊரில் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். செல்போன் கடையில் “பேக்கப் எடுத்துட்டு ஃபார்மட் போட்டுடலாம்ணே” என்கிறான் பையன். பழைய போனில் இருந்ததைப் புதுப் போனுக்கு மாற்றினால் அதற்கும் பேக்கப் என்கிறோம். லேப்டாப் நிரம்பினால் வேறு டிஸ்க்குக்குத் தள்ளுகிறோம், அதற்கும் அதே பெயர். ஆக, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பண்டத்தை மாற்றுவதுதான் பேக்கப் என்று மனசில் பதிந்துவிட்டது. அது வீடு மாற்றுவது. பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் புது வீட்டுக்குப் போனால் உங்களுக்கு இரண்டு வீடு ஆகிவிடுமா? எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் அட்டைப்பெட்டியில் பேக்கப் என்று அச்சடித்திருப்பதால் அதற்குள் போட்டதெல்லாம் பேக்கப் ஆகிவிடாது. அதே படம், அதே நேரத்தில், வேறொரு டிஸ்க்கிலும் இருந்தால்தான் அது பேக்கப்.

காவிரிக்கரையில் இருப்பவர்களுக்கு இது புதிதா? விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே குதிரில் கொட்டி வைப்போமா? விதைநெல்லைத் தனியாகக் காயவைத்து, தனியாகக் கட்டி, தனி இடத்தில் வைத்தவர்கள் நாம்.

சாருக்கு அவருடைய துறையை வைத்தே சொன்னேன். உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை எங்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஒரே நூலுக்கு எத்தனை ஊரில் ஏடு தேடினார்! கையில் ஒன்று கிடைத்த பிறகும் ஏன் அலைந்தார்? இந்த ஏட்டில் செல்லரித்த வரி அந்த ஏட்டில் முழுசாக இருக்கும். இரண்டு ஏடுகள் இரண்டு விதமாகச் சொன்னால், எது சரி என்று மூன்றாவது காட்டும். ஓலை நொறுங்கும் முன்பே புது ஓலையில் பெயர்த்து எழுதியவர்கள் வீட்டு நூல் பிழைத்தது, எழுதாதவர்கள் வீட்டு நூல் செல்லுக்குப் போனது. சார் சட்டென்று, “பாடபேதம் பாக்கறதுக்கு மூணு ஏடு வேணும்ங்கறீங்க” என்றார். அதேதான். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதையே 3-2-1 என்று சுருக்கிச் சொன்னார். வீட்டுச் சினிமாச் சேகரத்துக்கு இரண்டு விதச் சாதனம் வரைக்கும் நான் வற்புறுத்த மாட்டேன். மூன்று பிரதி, ஒன்று வெளியூரில். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேறு ஊர் என்று ஏன் அழுத்துகிறேன்? 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நடந்தது நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கப்புறம் கடைக்கு வந்த டிஸ்க்குகளில் ஒரே வீட்டிலிருந்து ஜோடியாக வந்தவையும் உண்டு. அந்த மனுஷர் ஒழுங்காக இரண்டு பிரதி எடுத்தவர். இரண்டையும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில் வைத்திருந்தார். மேலே ஓடு பறந்துபோய் இரவெல்லாம் தண்ணீர் கொட்டியிருக்கிறது. திறந்து பார்த்தபோது போர்டில் பச்சைப் பாசிபோலக் களிம்பு ஏறியிருந்தது. இரண்டிலும் ஒரே மாதிரி. திருடன் வந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துப்போவான்.

புயல் எப்போதோ வருவது. கரண்ட் தினமும் வருவது, தினமும் போவது. டெல்டாவில் என்னிடம் வரும் டிஸ்க்குகளில் கணிசமானவை மின்சாரத்தால் செத்தவை. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400 வரைக்கும் ஏறும். மிக்ஸி, டிவியோடு டிஸ்க்கின் போர்டும் போகும். பெரிய 3.5 அங்குல டிஸ்க் அடாப்டரில் ஓடுகிறது. காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், இன்வெர்ட்டர் பிடிப்பதற்குள் ஒரு கண்ணிமைப்பு நின்று மறுபடி ஓடும். கம்ப்யூட்டரையும் டிஸ்க் அடாப்டரையும் யுபிஎஸ்ஸில் சொருகுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் சொருகாதீர்கள். இடி இடித்தால் பிடுங்கிவிடுங்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக உப்புக்காற்று. கனெக்டர் முனைகள் கறுத்து வரும். எவர்சில்வர் சம்படத்தில், மூடி இறுக்கமாக, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். பொட்டலம் பழசானால் மாற்றுங்கள்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். “எங்கிட்ட ரெண்டு டிஸ்க் போட்ட பாக்ஸ் இருக்கு சார், ஒண்ணுல போட்டா இன்னொண்ணுலயும் தானா விழும்” என்பார்கள். விழும், வாஸ்தவம். தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் அதுவும் தானாக இரண்டிலும் அழியும். ஓசி வீடியோ கன்வெர்ட்டர் தேடிக் கிராக் போட்ட சாஃப்ட்வேரை இறக்கி, அதோடு வந்த வைரஸ் எல்லா ஃபைலையும் பூட்டிப் பணம் கேட்டால் இரண்டையும் சேர்த்துத்தான் பூட்டும். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் ஓட அந்தப் பெட்டி உதவும். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்த டிஸ்க்குக்கு அது ஈடாகாது. சொருகு, காப்பி பண்ணு, சரிபார், கழற்று. இந்த வரிசைதான்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 16 டிபி பென் டிரைவ் என்று வருவதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே சின்ன மெமரி ஒன்றை வைத்து, 16 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். காப்பி நன்றாக ஆவதுபோலவே இருக்கும், ஃபைல் பெயர்கள் எல்லாம் தெரியும், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு தம்பி தன் அப்பா பாடிய கச்சேரி வீடியோக்களை அதில் போட்டுவிட்டு கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்ல முடியும் என்னால்? எந்தச் சாதனம் வாங்கினாலும் முதலில் முழுசாக நிரப்பி, படித்துப் பார்த்து, அப்புறம் நம்புங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இந்த ஒரு வேலைக்கே இருக்கிறது.

கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியாக வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது பற்றிக் கேட்பார்கள். கல்யாண வீடியோவுக்குச் சரி. 4 டிபி படத்துக்குக் கணக்குப் போடுங்கள். 40 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றினால் ராப்பகலாக ஒன்பது நாள் ஆகும், அதுவும் லைன் ஒரு நிமிஷம்கூட அறுந்துபோகாமல் இருந்தால். மாசா மாசம் வாடகை வேறு. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானது. ஆனால் வருஷக்கணக்கில் கரண்ட் காட்டாமல் பெட்டியில் போட்டு வைக்கிற வேலைக்கு அது ஏற்றதல்ல. இந்த வேலைக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் கட்டுப்படியான வழி.

காப்பி எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி 3 போர்ட்டில் சொருகுங்கள். நல்ல டிஸ்க் என்றால் 4 டிபி பத்து மணி நேரத்தில் முடியும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் சொருகினால் முப்பது மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அவசரப்பட்டு நடுவில் பிடுங்குவது அங்கேதான் நடக்கிறது. டெராகாப்பி என்ற காப்பி எடுக்கும் மென்பொருளைப் போட்டு ‘வெரிஃபை’யை டிக் செய்யுங்கள். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுச் சொல்லும். நேரம் கூடத்தான் ஆகும், ஆகட்டும். முடிந்ததும் ஹேஷ் பட்டியலை (ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகைபோல ஒரு குறியீடு) ஒரு ஃபைலாக எடுத்து டிஸ்க்கோடு வைத்துக்கொண்டால், மூன்று வருஷம் கழித்து ஏதாவது ஃபைல் தானாகக் கெட்டிருக்கிறதா என்று தெரியும். சாரின் பாடபேதம் பார்க்கிற வேலையை அது செய்யும். மூன்று டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரே லாட்டில் வந்தவை ஏறக்குறைய ஒரே காலத்தில் படுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வாங்கிய மாசம், வருஷத்தை மேலே எழுதி ஒட்டுங்கள். ஐந்து வருஷம் தாண்டியதைப் புதுசுக்கு மாற்றிவிடுங்கள்.

எங்கள் வீட்டு மூன்றாவது டிஸ்க் திருச்சியில் தங்கை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது ஒன்றைக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்ததை எடுத்து வருவேன். ஆடிப்பெருக்குக்கு அவள் வரும்போது மறுபடி மாற்றுவோம். அந்த இரண்டு நாளும் தவறியதில்லை, காரணம் அந்த இரண்டு நாளும் நாங்கள் எப்படியும் சந்திப்போம்.

மூன்று டிஸ்க் வாங்க எல்லாருக்கும் வசதி இருக்காது, தெரியும். அப்படியென்றால் சேகரத்தைப் பிரியுங்கள். திரும்ப விலைக்குக் கிடைக்கிற படம் ஒரு பக்கம், உலகத்தில் வேறு எங்கேயும் கிடைக்காதது ஒரு பக்கம். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது வகை 200 ஜிபி தாண்டாது. அதை மட்டுமாவது இன்றைக்கு ராத்திரியே இன்னொன்றில் போடுங்கள். 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. இன்று பார்ப்பதற்கு ஒரு பிரதிகூட இல்லை. கூட்டம் கூட்டமாக ஜனம் பார்த்த படத்துக்கே அந்தக் கதி. உங்கள் பாட்டி பேசுகிற வீடியோ உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தால் என்ன செய்யக்கூடாது என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தட்டாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். வீடியோவில் பார்த்தேன் என்று ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள். விண்டோஸில் டிஸ்க்கைச் சரிபார்க்கிற செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடாதீர்கள். தட்டில் இருப்பதைப் படிக்கும் தலை உள்ளே உரசிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் தட்டைச் சீவிக்கொண்டிருக்கிறது. பிடுங்கி வையுங்கள், அவ்வளவுதான். சத்தம் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை மாசம் ஒரு தடவை திறந்து பாருங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் நீல நிறம் மஞ்சளாக மாறினால் அன்றைக்கே காப்பி எடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சாருடைய டிஸ்க்கில் தலை போய்விட்டது. சென்னையில் தூசியில்லாத அறை வைத்துத் திறக்கிறவர்களிடம் அனுப்பியிருக்கிறேன். செலவு புது டிஸ்க் விலையைப்போலப் பல மடங்கு, அதற்கும் உத்தரவாதம் இல்லை. “படமெல்லாம் போனாப் போகுது தம்பி. அந்த வீடு ஃபோல்டர் வந்தாப் போதும்” என்றார்.

நேற்று சாயங்காலம் போன் செய்தார். பரண்மேல் ஏறிப் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்திருக்கிறார்கள், கல்யாண கேசட் அகப்பட்டிருக்கிறது. டேப்பின் ஓரமெல்லாம் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளையாக இருக்கிறதாம். அது பூஞ்சை. “எதுலயும் போட்டு ஓட்டிப் பாத்துடாதீங்க சார், டேப் அறுந்துடும், மெஷின் தலையும் கெட்டுடும். துடைக்கக்கூட வேணாம். அப்படியே காகிதத்துல சுத்தி எடுத்துட்டு வாங்க” என்று சொல்லியிருக்கிறேன். அம்மா பேசியது கேசட்டில் இல்லை, அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. சென்னையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.