ஆமையைத் துரத்தினாலும் அது வேட்டைதான்: கடலுக்குப் போகும் தருமபுரிக்காரர்கள் அறிய வேண்டிய சட்டம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கடல் கிடையாது. அதனாலேயே கோடை விடுமுறைக்கு அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போகிறவர்கள் அங்கே குழந்தைகளைப் போல ஆகிவிடுகிறார்கள். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதக்கும்போது, கீழே கடற்புல் மேயும் பேராமையைக் கண்டால் யாருக்குத்தான் கை நீளாது? பார்ப்பதற்குத் தடையே இல்லை. எட்டிப் பிடிப்பதும் விரட்டிக்கொண்டு நீந்துவதும்தான் குற்றமாகிவிடும்.

இந்தியக் கடல்களில் காணப்படும் ஐந்து வகைக் கடலாமைகளும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடம். அவற்றை வேட்டையாடக் கூடாது என்கிறது 9-ஆவது பிரிவு. வேட்டை என்றதும் துப்பாக்கியும் வலையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சட்டம் அந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் மிக அகலமானது. பிடிப்பது, துரத்துவது, ஓட்டுவது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வதும்கூட வேட்டையே. ஊர்வன இனங்களின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதில் அடக்கம். படம் எடுப்பதற்காக ஆமையைத் தூக்கிப் பிடிப்பவரும், ரொட்டித் துண்டை வீசி அருகில் வரவழைப்பவரும் இந்த வரையறைக்குள் வந்து நிற்க நேரிடலாம்.

இந்த விதியின் நியாயம் ஆமையின் உடம்பிலேயே இருக்கிறது. கடலில் வாழ்ந்தாலும் அது நுரையீரலால் மூச்சு விடும் உயிர். காற்றுக்காக மேலே வந்தே ஆக வேண்டும். நாலு பேர் மேலே சூழ்ந்து மிதந்தால் அதன் மூச்சு வழி அடைபடுகிறது. ஆகவே பக்கவாட்டில் தள்ளியே இருங்கள். அது மேலே எழும்பினால் விலகி வழி விடுங்கள். பவளத்தின் மேல் கால் ஊன்றுவதையும் தவிருங்கள். பவளப்பாறைகளுக்கும் இதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடியது நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பின் அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். குறைந்தபட்சச் சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்பதால், பணத்தைக் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை.

அந்தமான் வரை போகாமல் சென்னை, மாமல்லபுரம் கடற்கரையோடு திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசையை நோக்கி நகர்பவை. கைப்பேசி விளக்கு அவற்றைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அடிபட்ட ஆமையைக் கண்டால் நீங்களே கடலுக்குள் தள்ளாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நம் மாவட்டங்களிலும் இதற்கு வேலை இருக்கிறது. 2022-இல் கிருஷ்ணகிரி, தருமபுரி காடுகளைச் சேர்த்துக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அழியும் நிலையில் உள்ள மென்னோட்டு நன்னீர் ஆமை ஒன்று அந்தக் காவிரியில் வாழ்கிறது. ஒகேனக்கல் போகும்போது ஆற்று மணலில் ஆமை முட்டை கண்ணில் பட்டால், தொடாமல் வனக் காவலரிடம் இடத்தை மட்டும் காட்டுங்கள்.